நெல்லூர்ல இருந்து போன காளையும் என் கொட்டிலுக்கு வந்த கிடேரியும்

போன மாசம் சென்னையில இருக்கிற என் மகன் வாட்ஸ்அப்புல ஒரு மாட்டுப் படம் அனுப்பினான். வெள்ளை வெளேர்னு ஒரு பசு. முதுகுல திமில், கழுத்துக்குக் கீழே மடிப்பு மடிப்பாத் தொங்குற தோல். "அப்பா, இது என்ன விலை போகும்னு சொல்லுங்க"ன்னு கேட்டிருந்தான். பார்க்க ஓங்கோல் மாடு மாதிரி இருந்தது. நல்ல உடம்பு. ஒண்ணேகால் லட்சம் போகும்னு எழுதினேன். சிரிக்கிற பொம்மை ஒண்ணு வந்தது. பெறவு விலை வந்தது. 35 கோடி ரூபாய்.

அந்த மாட்டோட பேரு வியாட்டினா-19. பிரேசில் நாட்டுப் பசு. 2023-ல் நடந்த ஏலத்துல அதுல மூணுல ஒரு பங்கு உரிமை மட்டும் 14 லட்சம் டாலருக்கு மேல போச்சு. முழு மாட்டுக்கும் கணக்குப் போட்டா 43 லட்சம் டாலர். உலகத்துலேயே விலை கூடுன மாடுன்னு கின்னஸ்ல ஏத்திட்டாங்க. எடை 1,100 கிலோ. இனத்தோட பேரு நெலோர். வேற ஒண்ணுமில்ல, நம்ம நெல்லூர்தான் அங்க போய் நெலோர் ஆயிட்டுது.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அந்த 35 கோடிக்காக இல்ல. எங்க கொட்டில்ல இருந்து 19,000 ரூபாய்க்குப் போன ஒரு கிடேரி ஞாபகத்துக்கு வந்துட்டுது. (இன்னும் கன்னு போடாத பசுவுக்குத்தான் கிடேரின்னு பேரு. நகரத்து நண்பர்களுக்காகச் சொல்றேன்.) அந்தப் பசுவுக்கும் இந்தக் கிடேரிக்கும் நடுவுல ஒரு நூத்தம்பது வருசக் கதை கிடக்கு. அதைத்தான் இன்னைக்கு எழுதப் போறேன்.

நெல்லூரும் ஓங்கோலும் அந்தக் காலத்துல மெட்ராஸ் மாகாணத்துல இருந்த ஊர்கள். அந்தப் பக்கத்து மாடு உழவுக்கும் வண்டிக்கும் பேர் போனது. 1868-ல் ஓங்கோல் மாடு ரெண்டை ஏத்திக்கிட்டுப் போன ஒரு கப்பல் பிரேசிலோட சால்வடார் துறைமுகத்துல நின்னுச்சு. மாடு ரெண்டும் அங்கேயே விலையாயிட்டுது. பத்து வருசம் கழிச்சு, 1878-ல், லெம்குருபர்னு ஒரு பிரேசில் பண்ணையார் ஜெர்மனிக்குப் போனார். ஹாம்பர்க் மிருகக்காட்சி சாலையில ஓங்கோல் ஜோடி நிக்கிறதைப் பார்த்தார். மத்தவங்க வேடிக்கை பார்த்த மாட்டை இவர் விலை பேசி ஊருக்குக் கொண்டு போனார். பெறவு அங்க இருந்து ஆட்கள் நேரா இந்தியாவுக்கே வந்து வாங்கிட்டுப் போனாங்க. 1960-களோட தொடக்கத்துல போன கடைசிப் பெரிய கூட்டத்துல கர்வாடின்னு ஒரு காளை இருந்தது. ஓங்கோலுக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு ஊர்ப் பேரு அது. இன்னைக்கு பிரேசில்ல நல்ல நெலோர் மாட்டோட வம்சத்தைக் கிண்டினா, பல இடத்துல அந்தக் காளை பேருல போய் நிக்குமாம். அந்த நாட்டுல இப்போ 20 கோடிக்கு மேல மாடு இருக்கு. கறிக்குன்னு வளர்க்கிறதுல நெலோர்தான் முதல் இடம்.

அமெரிக்கா கதை வேற மாதிரி. தெற்கே லூசியானா, டெக்சாஸ் பக்கமெல்லாம் நம்ம ஊர் போலவே வெக்கை. அங்க இருந்தது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து பக்கம் இருந்து போன குளிர்நாட்டு மாடு. வெயில் ஏறினா மேயாது, மரத்தடியில போய் நின்னுக்கும். அதுக்கு மேல உண்ணி. உண்ணி கடிச்சு வர்ற காய்ச்சலுக்கு டெக்சாஸ் காய்ச்சல்னே பேரு. அதை உண்ணிதான் பரப்புதுன்னு 1893-ல் ஸ்மித், கில்போர்ன்னு ரெண்டு பேர் நிரூபிச்சாங்க. இந்த ரெண்டு கஷ்டத்துக்கும் திமில் உள்ள மாடு தாங்குதுன்னு அங்க உள்ள விவசாயிகள் கண்ணால பார்த்துட்டாங்க. 1854-லேயே லூசியானாவுல பேரோன்னு ஒரு தோட்டக்காரருக்கு ரெண்டு இந்தியக் காளை கிடைச்சிருந்தது. பருத்தியும் கரும்பும் பயிர் பண்ணச் சொல்லிக் கொடுத்ததுக்காக பிரிட்டிஷ் அரசாங்கம் கொடுத்த பரிசு அது. 1906-ல் டெக்சாஸ் பண்ணைக்காரங்க இந்தியாவுக்கே ஆள் அனுப்பி மாடு வாங்கினாங்க. ஊர் போய்ச் சேர்ந்தது 30 காளை, 3 பசு.

மொத்தமா எல்லாக் காலத்துலேயும் அமெரிக்காவுக்கு இறங்கின இந்திய வம்ச மாடு 300 கூட இல்ல. பெரும்பாலும் காளைதான். அதுல நெல்லூர் மாடும் இருந்தது, குஜராத்துக் காங்கிரேஜும் கிர்ரும் இருந்தது, கிருஷ்ணா ஆத்தங்கரை மாடும் இருந்தது. பசு இல்லாம எப்படி இனத்தைப் பெருக்கினாங்க? உள்ளூர்ப் பசுவுக்கு இந்தியக் காளை போட்டா, கன்னுக்கு அரைப் பங்கு. அந்தக் கிடேரிக்குத் திரும்பவும் இந்தியக் காளை போட்டா முக்கால். அதுக்கு அடுத்தது எட்டுல ஏழு. இப்படியே ஏத்திக்கிட்டுப் போனாங்க. எந்தக் கன்னு எந்தக் காளைக்குப் பொறந்ததுன்னு எழுதி வச்சுக்கிட்டே வந்தாங்க. 1924-ல் ஹூஸ்டன்ல சங்கம் அமைச்சு, பதிவுப் புத்தகம் போட்டு, இனத்துக்கு பிராமன்னு பேரு வச்சாங்க. இந்தியாவுல இருந்து வந்த மாடுங்கிறதுக்காக வச்ச பேரு. மத்தபடி சாதிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

நம்ம மாட்டுக்கு அப்படி என்ன தனியா இருக்குன்னு கேப்பீங்க. மாட்டோட உடம்புச் சூடு 38.5 டிகிரி. வெளியில அதைவிடச் சூடு ஏறினா உடம்பு தன் சூட்டை வெளியே தள்ள வழி வேணும். திமில் உள்ள மாட்டுக்கு வேர்வைச் சுரப்பி பெருசு, வேர்க்கவும் கூட வேர்க்கும். மயிர் குட்டையா வழவழன்னு இருக்கும். வெள்ளை மாடா இருந்தாலும் மயிருக்குக் கீழே தோல் கருப்பா இருக்கும். மயிர் வெயிலைத் திருப்பி விடும், கருப்புத் தோல் வெந்து போகாமக் காக்கும். இதுக்கெல்லாம் மேல, உடம்புக்குள்ளேயே சூடு கம்மியாத்தான் உண்டாகும். கம்மியாத் தின்னு, கம்மியா எரிச்சு, காலத்தை ஓட்டுற உடம்பு. அதனாலதான் பாலும் கம்மி, பருவத்துக்கு வர்றதும் தாமதம். ஒண்ணு வேணும்னா இன்னொண்ணை விட்டுக் கொடுக்கணும்.

பண்ணைக்காரங்களுக்கு இது தெரியும். முழு பிராமனா வச்சா கறி வளர்த்தி கொஞ்சம் மெதுவு, கிடேரி சினை பிடிக்கவும் நாளாகும். முழுக்கக் குளிர்நாட்டு மாடா வச்சா வெயில் தாங்காது. அதனால கலந்தாங்க. டெக்சாஸ்ல கிங் ரான்ச்னு ஒரு பெரிய பண்ணை. அங்க ஷார்ட்ஹார்ன் மாட்டோட பிராமனைக் கலந்ததுல 1920-ல் மங்கின்னு ஒரு காளைக்கன்னு பொறந்தது. அதை மூலமா வச்சு சாண்டா கெர்ட்ரூடிஸ்னு புது இனத்தை உண்டாக்கினாங்க. 1940-ல் அமெரிக்க விவசாயத் துறை அதை அங்கீகரிச்சது. அதுல பங்கு எவ்வளவுன்னா, பிராமன் எட்டுல மூணு, ஷார்ட்ஹார்ன் எட்டுல அஞ்சு. பிராங்கஸ்னு இன்னொரு இனம் இருக்கு, ஆங்கஸ் மாட்டோட கலந்தது. அதுலயும் பிராமன் எட்டுல மூணுதான். இந்த எட்டுல அஞ்சுங்கிறதை மனசுல வச்சுக்கோங்க. திரும்ப வருவேன்.

இனி எங்க ஊருக்கு வாங்க.

எங்க அய்யா காலத்துல (அப்பாவை நாங்க அய்யான்னுதான் கூப்பிடுவோம்) சங்கரன்கோவில் சுத்துவட்டாரத்துல மாடுன்னா உழவு மாடுதான். கரிசல்ல பருத்தி, உளுந்து, சோளம். மழை பெஞ்ச மறுநாள் ஏர் பூட்டணும். கழுகுமலைத் தாவணிக்கு நடந்தே போய் ஜோடி பிடிச்சு, நடந்தே ஓட்டிட்டு வருவாங்க. மாட்டுச் சந்தைக்குத் தாவணின்னுதான் எங்க பக்கத்துப் பேரு. வீட்டுல நின்ன நாட்டுப் பசு கன்னு குடிச்சது போக ஒரு படி பால் கொடுத்தா பெரிய விசயம். பாலை நம்பி யாரும் மாடு வளர்க்கல.

அது மாறினது 1970, 80-களில். டிராக்டர் வந்தது, பால் சொசைட்டி வந்தது, சினை ஊசி வந்தது. இந்தியாவுல முதல் சினை ஊசி 1939-ல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில போட்டாங்க. நம்ம வீட்டு வாசலுக்கு அது வர முப்பது, நாப்பது வருசம் ஆச்சு. 1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கினப்பெறவு வேகம் பிடிச்சுது. ஊட்டியில ஜெர்சி காளைப் பண்ணை, ஓசூர்லயும் தஞ்சாவூர் பக்கம் ஈச்சங்கோட்டையிலயும் உறைவிந்து நிலையம். சமவெளிக்கு ஜெர்சி, மலைப் பக்கத்துக்கு எச்.எப்.ன்னு அரசாங்கக் கொள்கை. அவங்க வெயிலுக்காக நம்ம ரத்தத்தைச் சேர்த்தாங்க. நாம பாலுக்காக அவங்க ரத்தத்தைச் சேர்த்தோம்.

நாட்டு மாடுதான் ஒசத்தி, ஜெர்சி வந்து எல்லாம் கெட்டுப்போச்சுன்னு பேசுறவங்க நிறைய. நான் அப்படிப் பேச மாட்டேன். எங்க வீட்டுல முதல்ல பொறந்த கலப்புக் கிடேரி ஏழு லிட்டர் கறந்துச்சு. என் தங்கச்சி கல்யாணக் கடனுக்கு வட்டி கட்டினது அந்தப் பால் காசு. என் மக்கள் படிச்சதும் அதுலதான். அது வெயில்லயும் மேய்ஞ்சுச்சு, சோளத்தட்டையும் தின்னுச்சு. அரைக்கு அரை. தாயோட தாங்குற சக்தி பாதி, தகப்பனோட பால் பாதி. ரெண்டு தூரத்து வம்சம் முதல்ல சேர்றப்போ வர்ற வீரியம் அதுக்கு மேல.

கோளாறு அதுக்கு அடுத்த தலைமுறையில. அரைக்கலப்புக்குத் திரும்பவும் முழு ஜெர்சி ஊசி போட்டா கன்னு முக்கால். அதுக்கும் போட்டா எட்டுல ஏழு. டெக்சாஸ்காரன் ஏத்தின அதே ஏணி, ஆனா எங்களுக்கு எதிர்ப்பக்கமா. வெளிநாட்டு ரத்தம் பாதியில நிக்கணும், மிஞ்சிப்போனா 62.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாதுன்னு நிபுணர்கள் சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க. 62.5 சதவீதம்னா எவ்வளவு? எட்டுல அஞ்சு! டெக்சாஸ்ல கறிக்காக இந்தப் பக்கமிருந்து போனவனும், இங்க பாலுக்காக அந்தப் பக்கமிருந்து வந்தவனும் வெயில்ல ஒரே இடத்துல வந்து நின்னுருக்காங்க. இதை முதல்ல கணக்குப் போட்டுப் பார்த்தப்போ எனக்குப் பென்சில் அப்படியே நின்னுட்டுது.

ஆனா அவங்க அங்க நிறுத்தினாங்க. எங்களால நிறுத்த முடியல. காரணம் ரொம்பச் சின்னது. நிறுத்தணும்னா இப்போ எங்க நிக்கிறோம்னு தெரியணும். எங்க வீடுகள்ல எந்தக் கன்னு எந்தக் காளைக்குன்னு யாரும் எழுதி வைக்கல.

என் கிடேரிக்கு வர்றேன். மூணு வருசத்துக்கு முன்னாடி தை மாசம், ஒரு சந்தையில 52,000 ரூபாய்க்கு வாங்கினேன். மான் நிறம், கருத்த மூக்கு, பெரிய கண்ணு. இன்னும் பல் போடல. தரகர் துண்டுக்குள்ள என் விரலைப் பிடிச்சுக்கிட்டே, "அண்ணாச்சி, தாய் ரெண்டு நேரமும் சேத்து பதினெட்டு லிட்டர் கறந்தவ. கண்ணை மூடிக்கிட்டுப் பிடிங்க"ன்னார். எந்தக் காளைன்னு கேட்டேன். "ஜெர்சிதான். பெறவென்ன?" தாய் எங்க நிக்குன்னு கேட்டேன். அதுக்குப் பதில் வரல. காலைப் பனியில கிடேரி அழகா நின்னுச்சு. நானும் கண்ணை மூடிக்கிட்டேதான் பிடிச்சேன்.

பங்குனி பிறந்ததும் தெரிஞ்சு போச்சு. பதினோரு மணிக்கு மேல வேப்ப மரத்தடியை விட்டு நகராது. வாயில நுரை, நாக்கு வெளியே. விலாவைப் பார்த்து மூச்சை எண்ணினா நிமிசத்துக்கு 80-க்கு மேல. நல்லா இருக்கிற மாட்டுக்கு அதுல பாதி கூட இருக்காது. பக்கத்துல கட்டியிருந்த பழைய கலப்புப் பசு நிம்மதியா அசை போட்டுக்கிட்டு நிக்கும். பருவத்துக்கு வர்றதே நாளாச்சு. வந்தப்பெறவு ஊசி போட்டோம், நிக்கல. அஞ்சு தடவை போட்டாச்சு, நிக்கவே இல்ல. பார்க்க வந்த டாக்டர், "முக்காலுக்கு மேலேயே இருக்கும் போலிருக்கே, வெயில்ல உடம்பு கொதிக்கிறப்போ கரு எப்படித் தங்கும்"னார். சாக்கு நனைச்சுப் போட்டோம், மின்விசிறி கூட மாட்டினோம். தீவனச் செலவு ஏறிக்கிட்டே போச்சு. ரெண்டு கோடை பார்த்துட்டு வித்துட்டேன்.

வாங்க வந்தவர் வளர்ப்புக்குத்தான்னு சொன்னார். நானும் நம்பின மாதிரித் தலையாட்டினேன். என் சம்சாரம் லட்சுமின்னு பேரு வச்சிருந்தா. வண்டி கிளம்புற வரைக்கும் அவ வீட்டை விட்டு வெளியே வரல.

எங்க ஊர் கோமதி அம்மனுக்கு ஆவுடையாள்னும் ஒரு பேரு உண்டு. ஆன்னா பசு. பசுவை உடையவள். அப்படிப்பட்ட ஊர்ல பொறந்தவன், கறிக்கு மாடு வளர்க்கிற நாட்டைப் பத்தி இவ்வளவு எழுதுறானேன்னு சிலருக்குத் தோணலாம். டெக்சாஸ்லயும் முதல் பருவத்துல சினை பிடிக்காத கிடேரியை மந்தையில வச்சுக்க மாட்டாங்க, கறிக்குத் தள்ளிருவாங்க. ஆனா அதைப் பொறப்பிச்ச காளை எதுன்னு பதிவு இருக்கும். அந்தக் காளையோட கிடேரிகள் பல இப்படித் தவறினா, அந்தக் காளையையே நிறுத்திருவாங்க. ஒரு மாடு தோத்ததுல அடுத்த தலைமுறைக்கு ஒரு பாடம் மிஞ்சும். என் லட்சுமி போனதுல யாருக்கும் ஒரு பாடமும் மிஞ்சல. அதோட தகப்பன் காளையோட ஊசி அதே சந்தைப் பக்கத்து ஊர்கள்ல இன்னும் எத்தனை முக்கால் பசுவுக்குப் போச்சோ!

ஓங்கோல்ல நல்ல காளை இருந்துச்சு, காங்கேயத்துல இருந்துச்சு. பழையகோட்டைப் பட்டக்காரர் மாதிரி மந்தையைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வளர்த்தவங்களும் நம்மகிட்ட இருந்தாங்க. ஆனா என்னை மாதிரி ரெண்டு மாட்டுக்காரன் வீட்டுல மாட்டோட வம்சம் வாய்ப்பேச்சாத்தான் இருந்துச்சு. மாடு கை மாறினதும் அந்தப் பேச்சும் நின்னு போச்சு.

அதுக்கப்பெறவு கிடேரி வாங்குறதுல நான் வச்சிருக்கிற வழக்கத்தைச் சொல்றேன். ஊர்ல இடம் வாங்கி மாடு வளர்க்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கும் ஆகும்.

சந்தையில வாங்குறதில்ல, வீட்டுல போய்ப் பார்க்கிறேன். தாய் நிக்கிற வீடா இருக்கணும். போறது உச்சி வெயில்ல. காலையில எல்லா மாடும் அழகுதான். ரெண்டு மணிக்கு எது அசை போட்டுக்கிட்டு நிக்குதோ அதுதான் நமக்கு மாடு. காதுல மஞ்சள் வில்லை இருந்தா அதுல உள்ள 12 இலக்க எண்ணைக் குறிச்சுக்கிட்டு, டாக்டர்கிட்டக் காட்டி என்ன பதிவு இருக்குன்னு கேக்கிறேன்.

வயசைப் பார்த்து ஊசி போடுறதில்ல, எடையைப் பார்க்கிறேன். வளர்ந்த மாட்டு எடையில 60, 65 சதவீதமாவது வரணும். எங்க கலப்பு மாட்டுக்கு அது 240 கிலோ பக்கம். எடை மேடை வேண்டாம், தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்சுச் சுத்தளவை அங்குலத்துல எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தோள்பட்டையில இருந்து பின்புற எலும்பு வரைக்கும் உள்ள நீளத்தால பெருக்கி, 660-ஆல் வகுத்தா கிலோ வரும். சுத்தளவு 58, நீளம் 48 இருந்தா சுமார் 245 கிலோ. திமில் ரத்தம் உள்ள மாடு பருவத்தை அவ்வளவாக் காட்டிக்காது. கொஞ்ச நேரம்தான், அதுவும் பெரும்பாலும் ராத்திரியில. அதனால படுக்கப் போகையிலயும் விடியும் முன்னாடியும் டார்ச் அடிச்சு வழும்பு இருக்கான்னு பார்க்கிறேன்.

கோடையில தட்டையும் அடர்தீவனமும் வெயில் இறங்கினப்பெறவும் விடியக்காலையிலயும்தான். தீவனம் வயித்துல செரிக்கிறப்போ சூடு உண்டாகும், அதை உச்சி வெயிலோட சேர்க்கக் கூடாது. தண்ணித்தொட்டி நிழல்ல இருக்கு. தகரக் கூரையைப் பிரிச்சுட்டு, உயர்த்திப் பனையோலை போட்டேன். இதுல ஒண்ணும் புதுசு இல்ல. அய்யா கொட்டிலும் பனையோலைதான்.

இந்த வருசம் மாசி மாசம் பக்கத்து ஊர்ல ஒரு வீட்டுல கிடேரி பிடிச்சேன். பாட்டி நாட்டுப் பசு, அதுக்கு அரைக்கலப்புக் காளை ஊசி போட்டுப் பொறந்தது தாய், அதுக்கு முழு ஜெர்சி ஊசி போட்டுப் பொறந்தது இது. கணக்குப் பார்த்தா கால், அப்புறம் எட்டுல அஞ்சு. அந்த வீட்டு அம்மா பழைய ஊசிச் சீட்டு ரெண்டையும் ரேசன் கார்டோட சேர்த்து வச்சிருந்தாங்க. கேட்ட விலைக்கு மேல ஆயிரம் ரூபாய் அந்தச் சீட்டுக்காகவே கொடுத்தேன். இதுக்கு முழு ஜெர்சி ஊசி போட மாட்டேன், கலப்பினக் காளையோட ஊசிதான். முதல் கலப்போட வீரியம் கொஞ்சம் இறங்கும், பாலும் ஒரு லிட்டர் குறையலாம். தெரிஞ்சேதான் செய்றேன்.

நூறு பக்கம் கோடு போட்ட நோட்டு ஒண்ணு வாங்கியிருக்கேன். ஊசிக் குச்சியில காளையோட எண் அச்சடிச்சிருக்கும். ஊசி போடுறவர்கிட்டக் கேட்டு அதை எழுதிக்கிறேன். முதல் பக்கத்துல புதுக் கிடேரியை எழுதலை. லட்சுமியைத்தான் எழுதினேன். வாங்கின தேதி, விலை, அஞ்சு ஊசி, வித்த தேதி. தகப்பன் காளைன்னு போட்ட இடம் மட்டும் காலியாக் கிடக்கு.

ஆடித்தபசுக்கு ஊருக்கு வர்றவங்க அப்படியே எங்க கொட்டிலுக்கும் வாங்க. உச்சி வெயில்ல வந்தா நல்லது. புதுசு எப்படி நிக்குதுன்னு நீங்களே பார்க்கலாம்.